ஆய்விதழ்களின் பியர் ரிவ்யூ: ஐந்தில் எத்தனை நட்சத்திரம்?

ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிடும் முன் அதே துறையில் இருக்கும் வேறு சிலரிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்வதுதான் பியர் ரிவ்யூ. ஆய்விதழ்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான். ‘அங்கே அனுப்பினால் ஒரே மாதத்தில் முடிவு தெரிந்துவிடும்’, ‘இங்கே அரை வருஷமானாலும் அண்டர் ரிவ்யூ என்றே காட்டிக்கொண்டிருக்கும்’, ‘அந்த எடிட்டர் தங்கமானவர்’. அப்புறம் இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண். வாங்கிய பொருள் பழுது என்று திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போதுதான் ஒரு கடையின் குணம் தெரியும். ஆய்விதழ்களை யாரும் அந்த இடத்தில் நிறுத்தி மதிப்பிடுவதாகத் தெரியவில்லை.

நான் ஒளிவினையூக்கிகளில் வேலை செய்பவன். டைட்டானியம் டையாக்சைடு போன்ற தூள்களின் மேல் ஒளி பட்டால் தண்ணீரில் கலந்திருக்கும் சாயமும் கழிவும் சிதையும், அந்த வேதியியல். பேப்பர் எழுதி அனுப்பியிருக்கிறேன், பிறர் எழுதியதை ரிவ்யூ செய்திருக்கிறேன், வெளியான ஒரு பேப்பர் மீது புகாரும் கொடுத்திருக்கிறேன். மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்த பிறகு இந்தச் சேவைக்கு நான் போடும் மதிப்பெண்: பேப்பர் வெளியாகும் முன்பு மூன்று நட்சத்திரம், வெளியான பின்பு ஒன்றரை.

அனுப்பும் தளத்திலிருந்து தொடங்குகிறேன். பிடிஎஃப்பில் தெளிவாக இருக்கும் தலைப்பையும் சுருக்கத்தையும் திரும்பப் பெட்டியில் ஒட்ட வேண்டும். கூட எழுதியவர்கள் ஒவ்வொருவரின் நிறுவனம், மின்னஞ்சல், ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) எல்லாம் கேட்கும். சில இதழ்களில் ‘ஹைலைட்ஸ்’ என்று இடைவெளியையும் சேர்த்து 85 எழுத்துக்குள் அடங்கும் வரிகள் வேறு. இதெல்லாம் எரிச்சல்தான், ஆனால் குற்றமில்லை.

குற்றம் என்று நான் சொல்வது அடுத்த பெட்டியை: ‘உங்கள் பேப்பரை மதிப்பிடத் தகுந்தவர்களின் பெயரும் மின்னஞ்சலும் தருக’. தேர்வு எழுதுபவரிடமே திருத்துபவர் யார் என்று கேட்கிறார்கள். குறுகலான துறைகளில் எடிட்டருக்கு ஆள் தெரியாது, அதனால் கேட்கிறார் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் தரப்படும் மின்னஞ்சல் அந்த மனிதருடையதுதானா என்று யாரும் சரிபார்க்காத காலம் ஒன்று இருந்தது. 2012இல் தென் கொரிய ஆய்வாளர் ஒருவர் சிக்கினார். அவர் கொடுத்த பெயர்களில் சில உண்மை, சில கற்பனை. மின்னஞ்சல்கள் மட்டும் அவருக்கோ அவருடைய ஆட்களுக்கோ போய்ச் சேர்ந்தன. 28 பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டன. எடிட்டருக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம், ரிவ்யூ 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. நிஜ ரிவ்யூவர் எவரும் அவ்வளவு சீக்கிரம் எழுத மாட்டார்! 2014இல் சேஜ் பதிப்பகம் அதிர்வுகள் தொடர்பான ஒரே இதழிலிருந்து 60 பேப்பர்களைத் திரும்பப் பெற்றது. 2017இல் ஸ்பிரிங்கர், ‘ட்யூமர் பயாலஜி’ இதழிலிருந்து 107. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெட்டி பல தளங்களில் அப்படியே இருக்கிறது. இப்போது ‘நிறுவன மின்னஞ்சல் மட்டும்’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்ந்திருக்கிறது.

அதன் பிறகு டெஸ்க் ரிஜெக்‌ஷன். ரிவ்யூவுக்கே அனுப்பாமல் எடிட்டரே நிராகரிப்பது. பலருக்கு இதன் மேல் கோபம்; எனக்கு இந்தச் சேவையிலேயே பிடித்த பகுதி இதுதான். எடிட்டர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, எங்கள் இதழுக்கு இது பொருந்தாது என்று ஒரு வாரத்தில் சொல்லிவிட்டால் நான் அடுத்த இடம் பார்க்கலாம். ஐந்து மாதம் வைத்திருந்து அதையே சொல்பவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய உபகாரம்.

எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளுக்கு அந்தப் பாராட்டைத் தர முடியாது. அது வாக்கியங்களை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். ‘மாதிரி 80 டிகிரியில் 12 மணி நேரம் உலர்த்தப்பட்டது’ என்பதை இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். அதைச் சிவப்பாக்கி, விழுக்காட்டைக் குறைத்துக் கொண்டுவா என்று ஓர் இதழ் என்னைத் திருப்பி அனுப்பியது. செய்முறையை வளைத்து வளைத்து எழுதினேன். படிப்பவருக்குப் புரிவது குறைந்தது, விழுக்காடும் குறைந்தது, பேப்பர் உள்ளே போனது. இன்னொருவரின் படத்தை எடுத்து நிறத்தை மாற்றி ஒட்டியிருந்தால் அந்த மென்பொருளுக்குத் தெரிந்திருக்காது.

ரிவ்யூ அறிக்கைகள் ஆளைப் பொறுத்தவை. எனக்கு வந்ததிலேயே சிறந்த அறிக்கை இரண்டு பக்கம். நாங்கள் மெத்திலீன் புளூ சாயத்தில் சோதித்திருந்தோம். ரிவ்யூவர் எழுதினார்: அந்தச் சாயம் தானே ஒளியை உறிஞ்சும், நீங்கள் காட்டுவது தூளின் வேலையா, சாயத்தின் வேலையா என்று வாசகர் கேட்பார், நிறமில்லாத ஃபீனாலை வைத்தும் ஒரு முறை செய்து காட்டுங்கள். இருட்டில் வைத்த ஒப்பீட்டுச் சோதனை துணைக்கோப்பில் இருந்தது. அதை முதன்மைப் படத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். யாரென்று தெரியாத ஒருவர், பைசா வாங்காமல், எங்கள் பேப்பரை எங்களைவிடக் கவனமாகப் படித்திருந்தார். மூன்று நட்சத்திரத்தில் இரண்டு அவருக்கானவை.

மோசமான அறிக்கை நான்கு வரி. மொழியைச் சரிசெய்க, புதுமை போதாது, படங்களின் தரம் கூட்டுக, கீழ்க்கண்ட கட்டுரைகளை மேற்கோள் காட்டுக. அந்தக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஒரே ஒருவரின் பெயர் பொதுவாக இருந்தது. ரிவ்யூவரின் அடையாளம் ரகசியமாம்! எடிட்டர் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு அனுப்பிவைத்தார். வேறோர் இதழில் இதே மாதிரி வந்தபோது எடிட்டர் மேலே ஒரு குறிப்பு போட்டிருந்தார்: ‘மேற்கோள் பட்டியலைப் பொருட்படுத்த வேண்டாம், பொருத்தமென்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் சேர்க்கவும்.’ ஒரு வரிதான், ஆனால் அந்த எடிட்டருக்கு நான் எப்போது கூப்பிட்டாலும் ரிவ்யூ செய்து தருவேன். எடிட்டர்களே இந்த வேலையைச் செய்வதும் உண்டு. 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர், தங்கள் இதழின் கட்டுரைகளை மேற்கோள் காட்டும்படி எடிட்டர் தன்னை நெருக்கியதாகச் சொன்னார்.

சரி, ரிவ்யூவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி? அழைப்பு வரும், இரண்டு வாரக் கெடு, நடுவில் தானியங்கி நினைவூட்டல்கள். சம்பளம் கிடையாது. 2020இல் மட்டும் உலகம் முழுவதும் ரிவ்யூவர்கள் இந்த வேலைக்குச் செலவிட்டது 10 கோடி மணி நேரத்துக்கும் மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நன்றிக்கடிதம் ஒன்று வரும். சில பதிப்பகங்கள் சான்றிதழ் பிடிஎஃப்பும் தரும்.

கூலி இல்லாதது எனக்குப் பெரிய குறையில்லை. என் பேப்பரையும் யாரோ இப்படித்தான் படித்தார்கள். குறை என்னவென்றால், ரிவ்யூவர் கையில் எதைக் கொடுக்கிறார்கள் என்பது. அமுக்கப்பட்ட படங்களோடு ஒரு பிடிஎஃப். கருவியிலிருந்து வந்த மூலக்கோப்பு இல்லை, ஆய்வக நோட்டு இல்லை. எழுதியிருப்பது உண்மையென்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து இந்த முடிவு வருமா என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். எழுதியிருப்பதே உண்மையா என்று பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. வெளியில் இருப்பவர்கள் ‘பியர் ரிவ்யூ செய்யப்பட்டது’ என்ற முத்திரையைப் பார்த்ததும் இரண்டாவது வேலை நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இதழ்களும் அந்த நினைப்பைத் திருத்துவதில்லை.

முதல் வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறோமா என்றால் அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1998இல் வெளியான ஒரு சோதனையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் குழுவினர் ஒரு பேப்பரில் வேண்டுமென்றே எட்டுக் குறைகளை வைத்து ரிவ்யூவர்களுக்கு அனுப்பினார்கள். அறிக்கை எழுதிய 221 பேர் சராசரியாகக் கண்டுபிடித்தது இரண்டு. அதற்கு முன் 1982இல் இரண்டு உளவியலாளர்கள், ஏற்கெனவே வெளியாகியிருந்த 12 கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, வெளியிட்ட அதே இதழ்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்று இதழ்கள்தான் அடையாளம் கண்டுகொண்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. காரணம் பெரும்பாலும் ஆய்வு முறையில் கடுமையான குறை! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். என் பேப்பர் நிராகரிக்கப்படும் நாட்களில் இன்னும் அதிகமாக.

இப்போது இதில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. பேப்பரை அப்படிப்பட்ட கருவிகளில் ஏற்றக் கூடாது என்று பல பதிப்பகங்கள் ரிவ்யூவர்களுக்கு விதி போட்டிருக்கின்றன. 2025இல், ரிவ்யூவுக்கு முன்பே இணையத்தில் போடப்படும் பிரீபிரிண்ட்கள் சிலவற்றில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, ‘நல்ல மதிப்பீடு மட்டும் தருக’ என்று இயந்திரத்துக்குக் கட்டளை ஒளித்து வைத்திருந்தது வெளியானது. ரிவ்யூவர் விதியை மீறுவார் என்று எழுதியவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரே இதழ் இரண்டு முறை எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்த்தால் நான் ஏன் பின்பாதிக்கு ஒன்றரை நட்சத்திரம் போடுகிறேன் என்று புரியும். ‘தி லான்செட்’ 1998 பிப்ரவரியில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது; தட்டம்மை தடுப்பூசியால் ஆட்டிசம் வரலாம் என்ற பயம் உலகம் முழுக்கக் கிளம்பியது அதிலிருந்துதான். 2004இல் பிரயன் டீர் என்ற பத்திரிகையாளர் பின்னணியைத் தோண்டி வெளிக்கொண்டுவரத் தொடங்கினார். அந்த ஆண்டே, எழுதிய 13 பேரில் 10 பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். ஆனாலும் கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரியில், பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் தன் விசாரணை முடிவைச் சொன்ன பிறகு. பன்னிரண்டு வருஷம்.

அதே இதழ் 2020 மே 22 அன்று, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்ற கட்டுரையை வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள், எல்லாத் தரவும் சர்ஜிஸ்பியர் என்ற ஒரே நிறுவனத்திடம். உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையின் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. வெளியிலிருந்து படித்தவர்கள், ஆஸ்திரேலியாவுக்குக் காட்டப்பட்ட மரண எண்ணிக்கை அந்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கையே மிஞ்சுகிறது என்று எடுத்துக்காட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தனியாகச் சரிபார்க்க வந்தவர்களுக்குத் தரவைத் தர அந்த நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்று நாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கும் பதின்மூன்று நாளுக்கும் இடையில் அந்த இதழின் நெறிமுறை மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. இரண்டாவது முறை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, ‘தரவைக் காட்டு’ என்று கேட்டது. யாரும் பார்க்காத சிறிய இதழ்களில், யாரும் செய்தியாக்காத வேதியியல் பேப்பர்களில் என்ன நடக்கும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரே குழுவின் இரண்டு பேப்பர்கள், ஒரே இதழ். ஒன்றில் டைட்டானியம் டையாக்சைடின் மேல் வெள்ளி ஏற்றியிருக்கிறார்கள். மற்றதில் நைட்ரஜன் கலந்திருக்கிறார்கள். இரண்டிலும், தூளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்புவிலகல் படம் உண்டு. 25.3 டிகிரி கோணத்தில் அனடேஸின் (டைட்டானியம் டையாக்சைடின் ஒரு படிக வடிவம்) உச்சம் இரண்டிலும் ஒரே இடத்தில் வரும், அதில் தவறில்லை. ஆனால் உச்சங்களுக்கு நடுவே அடிக்கோட்டில் ஒரு நடுக்கம் இருக்குமே, கருவி கதிர்களை எண்ணும்போது தற்செயலாக வருவது, அது ஒருநாளும் ஒத்துப்போகாது. ஒரே மாதிரியை அடுத்த நிமிடம் திரும்ப அளந்தாலும் மாறிவிடும். இந்த இரண்டு படங்களிலும் 30க்கும் 36க்கும் இடையில் நடுக்கம் மேடு மேடாக, பள்ளம் பள்ளமாக ஒத்துப்போனது. வெள்ளியின் 38 டிகிரி உச்சம் மட்டும் ஒன்றில் கூடுதலாக நின்றது.

ஒன்றின் மேல் ஒன்றை வைத்த படத்தோடு எடிட்டருக்கு எழுதினேன். குற்றம் சாட்டவில்லை, விளக்கம் கேட்டேன். ‘இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம்’ என்று பதில். பிறகு, எழுதியவர்களையே நேரடியாகக் கேளுங்கள் என்றார்கள். பிறகு எடிட்டர் மாறினார். புதியவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். கடைசியில் ஒரு திருத்தக்குறிப்பு வந்தது: படம் தயாரிக்கும்போது கவனக்குறைவால் தவறான வரைகோடு சேர்ந்துவிட்டது, சரியான படம் இது, முடிவுகளில் எந்த மாற்றமும் இல்லை. புதுப் படம் அழகாக இருந்தது. கருவியின் மூலக்கோப்பை யாராவது கேட்டார்களா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அந்தக் கோப்பை எடுத்து அனுப்புவது ஐந்து நிமிட வேலை. இத்தனை கடிதப் போக்குவரத்துக்கும் பதிலாக அதை மட்டும் கேட்டிருந்தால் போதும்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. 1997இல் மருத்துவ இதழ்களின் எடிட்டர்கள் சிலர் சேர்ந்து கோப் என்ற பதிப்பு நெறிமுறைக் குழுவைத் தொடங்கினார்கள். புகார் வந்தால் என்ன செய்வது என்று அது படம் போட்டுக் காட்டியிருக்கிறது: எழுதியவரைக் கேள், பதில் திருப்தியில்லையென்றால் அவர் வேலை செய்யும் நிறுவனத்திடம் போ. பேப்பரைத் திரும்பப் பெறுவது தண்டனை அல்ல, பதிவைச் சரிசெய்வது என்றும் தெளிவாகச் சொல்கிறது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் கோப் தானே ஆய்வை விசாரிக்காது. உறுப்பினர் இதழ் முறைப்படி நடந்ததா என்று மட்டும் பார்க்கும். என் விஷயத்தில் முறைப்படி எல்லாம் நடந்தது. கேட்டார்கள், பதில் வந்தது, திருத்தம் போட்டார்கள். நிறுவனத்திடம் போயிருந்தாலும், தன் ஆளைத் தானே விசாரித்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எந்த நிறுவனம் அவசரப்படும்?

பேப்பர்களின் படங்களைச் சரிபார்க்கும் வேலையைப் பலர் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் 20,621 உயிர்மருத்துவப் பேப்பர்களைப் பார்த்து, 3.8 விழுக்காட்டில் படங்களில் கோளாறு இருப்பதாக எழுதினார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது! பப்பியர் தளத்தில் 2012லிருந்து யார் வேண்டுமானாலும் வெளியான பேப்பர் மேல் கேள்வி எழுப்பலாம். ரிட்ராக்‌ஷன் வாட்ச் 2010லிருந்து திரும்பப் பெறப்பட்டவற்றைக் கணக்கு வைக்கிறது. ஒரு பேப்பரை நம்பலாமா என்று பார்க்க இப்போது நான் முதலில் போவது இந்த இரண்டு இடங்களுக்குத்தான், இதழின் தளத்துக்கு அல்ல. இதை இதழ்களுக்கான குறையாகவே பதிவு செய்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுபவர் கட்டணம் கட்டும் இதழுக்கு, ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பேப்பரும் வருமானம். வைலி பதிப்பகம் 2021இல் ஹிண்டாவி என்ற பதிப்பகத்தை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. ஹிண்டாவியின் சிறப்பிதழ்களில் விருந்தினர் எடிட்டர்கள் வழியாக, போலிப் பேப்பர்களைத் தயாரித்து விற்கும் ‘பேப்பர் ஆலைகள்’ புகுந்திருந்தன. 2023இல் மட்டும் 8,000க்கும் மேல் திரும்பப் பெற வேண்டிவந்தது. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். ஆனால் சந்தா இதழ்கள் யோக்கியம் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். மேலே சொன்ன அதிர்வு இதழ் கட்டண வியாபாரத்தால் கெட்டதல்ல.

நல்லது எதுவும் நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999லிருந்து ரிவ்யூவரின் பெயரை எழுதியவருக்குச் சொல்லிவிடுகிறது. நேச்சர் இதழ் 2025 ஜூனிலிருந்து, புதிதாக வரும் ஆய்வுக் கட்டுரைகளோடு ரிவ்யூ அறிக்கைகளையும் எழுதியவர்களின் பதிலையும் சேர்த்தே வெளியிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். நான்கு வரி அறிக்கை எழுதுபவருக்கு அது நாலு பேர் கண்ணில் படும் என்ற கூச்சமாவது வரும். ஈலைஃப் இதழ் 2023லிருந்து, ரிவ்யூவுக்கு அனுப்பிய எல்லாவற்றையும் ரிவ்யூவோடு சேர்த்து வெளியிடுகிறது. ஏற்பு, நிராகரிப்பு என்பதே இல்லை. அதற்குக் கிடைத்த பரிசு, இம்பேக்ட் ஃபேக்டர் இனிக் கிடையாது என்று, அந்த எண்ணைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் 2024இல் சொன்னது. ஆனால் இவை எல்லாமே வெளியாகும் முன்பு நடப்பதைத் திறந்துகாட்டும் முயற்சிகள். வெளியான பிறகு வரும் புகாருக்கு எத்தனை நாளில் பதில், மூலத்தரவு கேட்டார்களா, யார் முடிவு செய்தார்கள் என்பதைப் பட்டியலிட்டு வெளியிடும் இதழ் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

புதிய இதழுக்கு அனுப்பும் முன் இப்போது நான் பார்ப்பது அதன் பழைய திரும்பப்பெறல் அறிவிப்புகளை. என்ன தவறு, யார் கண்டுபிடித்தது, எழுதியவர்கள் ஒப்புக்கொண்டார்களா என்று விவரம் இருந்தால் அனுப்புவேன். ‘எழுதியவர்களின் வேண்டுகோளின்படி’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் வேறு இடம் பார்ப்பேன். பல வருஷமாக நடக்கும் இதழில் ஒரு திரும்பப்பெறல்கூட இல்லையென்றாலும் அப்படித்தான்.

ரிவ்யூவுக்கு வரும் பேப்பரில் மூலத்தரவு இல்லையென்றால், அறிக்கை எழுதும் முன் அதை வாங்கித் தரச் சொல்லி எடிட்டரைக் கேட்கிறேன். சிலர் வாங்கித் தருகிறார்கள். சிலர் எங்கள் இதழில் அந்த வழக்கம் இல்லை என்கிறார்கள். ஒரு முறை எடிட்டர் கேட்டதுமே எழுதியவர்கள் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது வேறோர் இதழில், பியர் ரிவ்யூ முடிந்து, வெளிவந்தது. நான் தரவு கேட்ட அந்த எக்ஸ்ரே படம் மட்டும் அதில் இல்லை.